ஜப்பான் கால்பந்து வீரர் கவோரு மிட்டோமாவை இணையத்தில் இவ்வளவு கொண்டாடுவது ஆட்டத்துக்காகவா, ஜப்பான் ரசிகர்கள் நிறைய பேர் இருப்பதாலா?

இங்கிலாந்து கிளப்பான பிரைட்டனின் வீடியோக்களுக்குக் கீழே நடக்கிற சண்டையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "ஜெர்சி விற்க எடுத்த ஆள்" என்று யாராவது ஒருவர் எழுதியிருப்பார். அதைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வேலை பார்ப்பது கவாசாகியில், அவர் வளர்ந்த ஊரில். இந்த ஊரின் ஃப்ரன்டாலே கிளப்பில், சிறுவர் அணியில் இருந்தவர், சீனியர் அணி கூப்பிட்டபோது உடம்பு இன்னும் தயாராகவில்லை என்று சொல்லி ட்சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். சக வீரர்களின் தலையில் கேமராவை மாட்டி, பந்து காலுக்கு வரும்போது யார் எங்கே பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்து டிரிபிளிங், அதாவது பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டே எதிராளியைத் தாண்டுவது பற்றியே ஆய்வுக்கட்டுரை எழுதியவர் அவர். 2021இல் பிரைட்டன் வாங்கியபோது விலை சுமார் 30 லட்சம் பவுண்ட் என்றுதான் செய்தி வந்தது, அதுவும் இங்கிலாந்தில் ஒர்க் பர்மிட் கிடைக்காமல் ஒரு வருடம் பெல்ஜியத்தில் ஆடிவிட்டு வந்தார். விளம்பரத்துக்காக வாங்கிய ஆளை இப்படியா நடத்துவார்கள்?

உலகம் முழுக்க அவர் பெயர் பரவியது 2022 உலகக் கோப்பையில். ஸ்பெயின் ஆட்டம் ஜப்பான் நேரப்படி டிசம்பர் 2, அதிகாலை 4 மணிக்கு. எல்லைக் கோட்டைத் தாண்டப் போகிற பந்தை ஓடி வந்து மிட்டோமா உள்ளே திருப்பிவிட, ஆவோ தனாகா கோல் அடித்தார். இரண்டு பேரும் சின்ன வயதில் சகினுமாவில் ஒரே கிளப்பில் ஆடியவர்கள். வீடியோ நடுவர் முடிவு சொல்லும் வரை நானும் என் ரூம்மேட்டும் உட்காரவே இல்லை. ஜப்பான் 2-1, அதனால் அதே பிரிவில் இருந்த ஜெர்மனி வெளியே. விடிந்ததும் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஜெர்மனி ரசிகர்கள் "பந்து அவுட், ஏமாற்று வேலை" என்று ஆரம்பித்தார்கள். பந்து தரையைத் தொடும் இடம் வெளியே இருக்கலாம், அதன் வளைவில் துளி கோட்டுக்கு மேலே நின்றாலே ஆட்டத்தில்தான் இருக்கிறது, விதி அதுதான் என்று மதியம் வரை எழுதிக்கொண்டே இருந்தேன். பந்து 1.88 மில்லிமீட்டர் அளவுக்குக் கோட்டுக்கு மேலே இருந்தது என்று செய்தி வந்த பிறகும் ஒருத்தனும் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், முன்பு நான் இருந்த கம்பெனியில், ராத்திரி உட்கார்ந்து ஜப்பானிய மொழி படித்துப் பரீட்சை பாஸ் செய்து ஆன்சைட் வாங்கினேன். "இவனுக்கு பாஷை தெரியும், அதான் அனுப்புறாங்க, வேலை ஒண்ணும் தெரியாது" என்று டீம் லீடே எல்லார் முன்னாலும் சொன்னார். நான் எழுதிய கோட்தான் அந்த புராஜெக்டில் ஓடியது. அப்ரைசலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் உழைத்து வாங்கியதை வேறு கணக்கில் எழுதினால் வலிக்கும்.

ஜப்பான் ரசிகர்கள் கூட்டமே காரணம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை, அடிக்க வராதீர்கள். பிரைட்டன் 2024 ஜூலையில் டோக்கியோவுக்கே வந்து ஆடிவிட்டுப் போனது, ரசிகர்கள் இல்லாமலா வருவார்கள்? ஆனால் 2025 பிப்ரவரியில் செல்சிக்கு எதிராக அடித்த கோலைப் பாருங்கள். கோல்கீப்பர் தூக்கி அடித்த பந்து பின்னாலிருந்து தலைக்கு மேலே வருகிறது, ஓடுகிற ஓட்டத்திலேயே வலது காலால் அதை அடக்கி, அடுத்த தொடுதலில் டிஃபெண்டரைத் தாண்டி, உள்ளே அடிக்கிறார். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.