டொபாகோவில் அமைதியான கடலோர விடுமுறை: கேள்வி பதில்

கரீபியன் பக்கம் ஓய்வாக ஒரு வாரம் கழிக்க எங்கே போகலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ட்ரினிடாட், டொபாகோ என்னும் இரு தீவுகளைக் கொண்ட நாட்டின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில், ட்ரினிடாட் தீவில், பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறையாவது டொபாகோவுக்குச் சென்று வருகிறேன். அனுபவத்தில் அறிந்த தீவு என்பதால் அதை வைத்தே விடை சொல்கிறேன்.

கேள்வி (டொராண்டோவிலிருந்து): கணவருக்கும் எனக்கும் பத்து நாள் விடுப்பு இருக்கிறது. பார்பேடோஸ், கிரனேடா, டொபாகோ மூன்றையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். சரிவருமா?

மூன்று தீவுகளையும் பார்க்கலாம். ஆனால் ஓய்வு கிடைக்காது. தீவுக்குத் தீவு சிறிய விமானங்கள் அடிக்கடி தாமதமாகும்; பெட்டி கட்டுவதிலும் விமான நிலையத்தில் காத்திருப்பதிலும் மூன்று நாளாவது போய்விடும். ஓய்வுதான் நோக்கம் என்றால் ஒரே தீவில், முடிந்தால் ஒரே ஊரில் தங்குங்கள்.

டொபாகோ ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளமும் பத்து கிலோமீட்டர் அகலமும் கொண்டது. விமான நிலையம் இருக்கும் தென்மேற்கு முனையான கிரௌன் பாயின்ட் சமதளம். பெரும்பாலான ஓட்டல்கள் அங்கேதான் இருக்கின்றன. வடக்கே போகப் போக மலை கடலை நெருங்கிவந்து, இரண்டு குன்றுகளுக்கு இடையே ஒரு விரிகுடா, அதன் கரையில் ஒரு மீனவ ஊர் என்று நிலம் மாறுகிறது. முதல் இரண்டு இரவுகளைக் கிரௌன் பாயின்டில் கழித்துவிட்டு, மீதி நாள்களை அப்படியொரு மீனவ ஊரான கஸ்தாராவில் கழிக்கும்படி சொல்வேன். வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் ஒரு மணி நேரப் பயணம். அடுக்குமாடி ஓட்டல்கள் அங்கே இல்லை. குன்றின் சரிவில் சிறிய விடுதிகளும் சமையலறையோடு கூடிய வாடகை வீடுகளும்தான் உண்டு.

அங்கே நான் மிகவும் விரும்பிப் பார்ப்பது கரைவலை இழுப்பதைத்தான். ஒரு படகு விரிகுடாவுக்குள் அரைவட்டமாகச் சென்று வலையை இறக்கிவிட்டுத் திரும்பும். பிறகு கரையில் இரண்டு அணிகளாக நின்று, வலையின் இரு முனைக் கயிறுகளையும் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே ஒன்றையொன்று நெருங்கி வருவார்கள். ஈரக்கயிறு உள்ளங்கையில் மணலோடு உராயும். வலை கரையை நெருங்கும்போது கூழைக்கடாக்கள் தலைக்குமேலிருந்து செங்குத்தாக நீருக்குள் பாயும். பயணிகளும் கைகொடுக்கலாம், கைகொடுத்தவர்களுக்கு மீனில் ஒரு பங்கு தருவதும் உண்டு. நாகப்பட்டினத்துக்காரனான எனக்கு, பூமியின் மறுபக்கத்தில் முதன்முதலாக இதைக் கண்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

கேள்வி (லண்டனிலிருந்து): எந்த மாதங்களில் வருவது நல்லது? புயல் பயம் இருக்கிறதா?

ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம். ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். மழைக்காலத்திலும் நாள் முழுவதும் பெய்வது அரிது. ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் வந்துவிடும். டொபாகோ ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால் பெரும்பாலான சூறாவளிகள் அதற்கு வடக்கே கடந்துபோகின்றன. ஆனாலும் 1963 செப்டம்பர் 30 அன்று ஃப்ளோரா சூறாவளி தீவையே புரட்டிப் போட்டது. தென்னை, கோக்கோ தோட்டங்கள் அழிந்து வேளாண்மை நிலைகுலைந்தது. ஆகவே மழைக்காலத்தில் வருபவர்கள் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தைத் தவிர்க்க விரும்பினால் மேலும் இரண்டு வாரங்களைத் தவிருங்கள். கார்னிவல் முடிந்த சாம்பல் புதனன்று ட்ரினிடாட்காரர்கள் களைப்பாற டொபாகோவுக்குத்தான் வருவார்கள். ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாயன்று பக்கூ ஊரில் நடக்கும் ஆட்டுப் பந்தயத்துக்கும் அப்படியே திரளுவார்கள். பந்தயம் பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் நீங்கள் தேடும் அமைதி அந்த வாரத்தில் கிடைக்காது.

சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 முதல் பல ஆண்டுகளில் அது அட்லாண்டிக்கை ஒட்டிய கரைகளில் குவிந்து, அழுகி நாறுகிறது. டொபாகோவின் கிழக்குக் கரைதான் அதிகம் பாதிக்கப்படுகிறது. கஸ்தாரா, இங்லிஷ்மன்ஸ் பே போன்ற கரீபியன் பக்க விரிகுடாக்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன. விடுதியை முன்பதிவு செய்யும்போது அது எந்தக் கரையில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து): இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டுமா?

சுற்றுலாவுக்கு 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். விதிகள் மாறக்கூடும் என்பதால் கிளம்புவதற்கு முன் புது தில்லியிலுள்ள ட்ரினிடாட் தூதரகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பலர் சிக்கிக்கொள்வது இடைவழி விசாவில்தான். நியூயார்க், மயாமி வழியாக வந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறாவிட்டாலும் அமெரிக்க விசா கட்டாயம். லண்டன் வழியாக வருபவர்களுக்கும், சில விலக்குகள் தவிர, இடைவழி விசா தேவை. பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து டொபாகோவுக்கு விமானத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. கப்பலும் உண்டு, ஆனால் நான்கு மணி நேரம்போல ஆகும், கடல் குமட்டலும் வரலாம்.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து): எழுபது வயது அம்மாவும் எங்களோடு வருகிறார். அவருக்கு நீந்தத் தெரியாது. கடலில் இறங்க முடியுமா?

தாராளமாக இறங்கலாம். பிஜன் பாயின்ட் கடற்கரையில் நுழைவுக்கட்டணம் உண்டு. நிழற்குடில், கழிப்பறை, உயிர்காப்பாளர் எல்லாம் இருக்கும். வெளியே பக்கூ பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் நீர் பெரும்பாலும் ஆழமின்றி அமைதியாக இருக்கும். அங்கிருந்து கண்ணாடித் தளமுள்ள படகில் நைலான் பூலுக்குப் போகலாம். நடுக்கடலில் இடுப்பளவு நீர் நிற்கும் வெண்மணல் திட்டு அது. 1962இல் இங்கிலாந்து இளவரசி மார்கரெட் அந்த நீரைத் தன் நைலான் காலுறைக்கு ஒப்பிட்டதால் அப்பெயர் வந்ததென்று படகோட்டிகள் சொல்வார்கள். படகில் ஏணி இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். அம்மாவுக்கு அது அவசியம்.

பவளத்தின்மேல் யாரும் நிற்கவோ அதைத் தொடவோ வேண்டாம். பக்கூ திட்டு 1973 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி; அப்படியிருந்தும் பயணிகளின் கால்களாலும் படகு நங்கூரங்களாலும் நிறைய உடைந்திருக்கிறது. விரலளவு கிளை வளரவே ஆண்டுகள் ஆகும். படகோட்டியே இறங்கி நடக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடக்கிலிருந்து சில நாள் பெரிய அலைகள் வரும். அந்நாள்களில் கஸ்தாராவிலும் இங்லிஷ்மன்ஸ் பேயிலும் அம்மா கரையிலேயே இருக்கட்டும்.

கேள்வி (சென்னையிலிருந்து): பெசன்ட் நகரில் பங்குனி ஆமை முட்டையிடுவதைப் பார்த்திருக்கிறேன். டொபாகோவில் ஆமை பார்க்க முடியுமா?

பங்குனி ஆமை ஐம்பது கிலோவுக்குள் அடங்கிவிடும். இங்கே வருவது தோல்முதுகு ஆமை, முந்நூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. மார்ச் முதல் ஆகஸ்டு வரை, கிரேட் கோர்லண்ட் பே, ஸ்டோன்ஹேவன், மவுண்ட் இர்வின் கரைகளில் இரவில் ஏறும். ஓட்டுக்குப் பதிலாக ரப்பரைப் போன்ற கருந்தோல், அதன்மேல் நீளவாக்கில் ஏழு புடைப்பு வரிகள். பின்துடுப்புகளைக் கைபோல் குழித்து, ஒருமுறை இது, ஒருமுறை அது என மாற்றி மாற்றி மணலை அள்ளி வெளியே வைக்கும் நிதானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எண்பது முட்டைகள் போல இடும். குஞ்சு பொரிய ஏறத்தாழ இரண்டு மாதமாகும். தனியாகப் போகாமல் பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் செல்லுங்கள். கைபேசி வெளிச்சம் வேண்டாம். முட்டையிடத் தொடங்கும்முன் வெளிச்சம் பட்டால் அது திரும்பிப் போய்விடும்.

கேள்வி (கோவையிலிருந்து): நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக ட்ரினிடாடுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் சமையல் டொபாகோ வரை வந்திருக்கிறது. அவர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு. பட்டாணிப்பருப்புப் பூரணம் வைத்த தால்பூரி ரொட்டியும், எண்ணெயில் பொரித்த இரண்டு மெல்லிய ரொட்டிகளுக்கு இடையே கொண்டைக்கடலைக் கறி வைத்த டபிள்ஸும் கிடைக்கும். கலலூ என்னும் கீரை மசியலில் பெரும்பாலும் நண்டு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். கஸ்தாராவில் மண் அடுப்பில் விறகெரித்துச் சுடும் ரொட்டியைச் சூடாக வாங்கி, வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): கவனமாக இருக்க வேண்டியவை எவை?

கரையோரத்தில் சில இடங்களில் மஞ்சினீல் மரம் நிற்கும். நம் தில்லை மரத்தின் குடும்பம்தான்; அதன் பாலும் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பச்சை ஆப்பிள்போல் சிறு காய்கள் கீழே கிடந்தால் தொடாதீர்கள். மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. இரவில் ஆளில்லாத கரைகளுக்குத் தனியே போகாதீர்கள், அறையைப் பூட்டிக்கொள்ளுங்கள். டொபாகோவிலும் திருட்டும் வன்முறையும் நடக்கின்றன. இராணுவ நிறக்கோலமுள்ள உடை இந்நாட்டில் சட்டவிரோதம்; குழந்தைகளின் கால்சட்டைகூட அப்படி இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி (டொராண்டோவிலிருந்து, மீண்டும்): ஐந்தாம் நாள் கடல் அலுத்துவிட்டால்?

ஒரு காலை மெயின் ரிட்ஜ் காட்டுக்குப் போய்வாருங்கள். மரம் போனால் மழையும் போய்விடும் என்னும் கருத்தின்பேரில் 1776இல் சட்டம் இயற்றிக் காக்கப்பட்ட மலைத்தொடர் அது. கரும்புக்காகக் காடுகளை அழித்த காலத்திலேயே அப்படி நினைத்திருக்கிறார்கள். கில்பின் ட்ரேஸ் பாதையில் வழிகாட்டியுடன் இரண்டு மணி நேரம் நடந்தால் போதும். பாதை சேறாக இருக்கும். தொடக்கத்திலேயே ரப்பர் காலணி வாடகைக்குக் கிடைக்கும். மதியத்துக்குள் கஸ்தாரா திரும்பிவிடலாம்.