ஐப்பசி மழையில் குதிரையின் குளம்பு ஏன் நாறுகிறது?

ஏற்காடு பக்கம் தோட்டத்து வீட்டில் குதிரை வளர்ப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி கேட்பது இது. இதற்குக் குளம்பு அழுகல் என்று பெயர்.

குளம்பின் அடியில், நடுவே முக்கோணமாகக் கொஞ்சம் மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் இரு பக்கமும் பள்ளம். வடகிழக்குப் பருவமழையில் சேறும் லத்தியும் அந்தப் பள்ளத்தில் அப்பிக்கொண்டால் உள்ளே காற்று போகாது. காற்றில்லாத ஈரத்தில்தான் அழுக வைக்கும் கிருமிகள் பெருகும். கறுப்பாகக் கசியும், நாற்றம் குடலைப் பிடுங்கும். ஈரத்திலேயே நின்று நாற்று நடுபவர்களுக்கு விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் மாதிரிதான்.

மலையில் பனிமூட்டம் விலகாத நாட்களில் வெளி முற்றம் காயவே காயாது. அதனால் கொட்டிலாவது உலர்ந்திருக்க வேண்டும். லத்தியை அன்றன்றே அள்ளிவிடுங்கள். காலையும் மாலையும் ஒவ்வொரு காலாகத் தூக்கி, குளம்புக் கொக்கியால் குதிகால் பக்கமிருந்து முன்னோக்கிச் சுரண்டுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் மழையென்று தள்ளிப்போடாதீர்கள், பாவம் வாயில்லா ஜீவன். தொட்டால் காலை இழுத்துக்கொண்டாலோ நொண்டினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், லாடம் அடித்தால் இது வராது என்று பலர் நம்புகிறார்கள். லாடம் குளம்பு தேய்வதைத்தான் தடுக்கும், அந்தப் பள்ளத்தில் சேறு அடைவதைத் தடுக்காது.