ஏசி குளிர்கிறது, காற்றுதான் வரவில்லை: கேஸ் நிரப்பலாமா?

கேள்வி: எங்கள் ஹேட்ச்பேக் கார் வாங்கி எட்டு வருடம் ஆகிறது. ஏசி போட்டால் குளிர்ச்சி வருகிறது, ஆனால் காற்று முன்பு போல வேகமாக வருவதில்லை. ப்ளோயரை 4-இல் வைத்தாலும் சத்தம்தான் கூடுகிறது. பின்சீட்டில் உட்காரும் அம்மாவுக்குக் காற்றே எட்டுவதில்லை. கேஸ் குறைந்திருக்கும், நிரப்பிவிடலாம் என்கிறார் மெக்கானிக். நிரப்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கேஸும் கம்ப்ரெஸரும் காற்றைக் குளிர வைப்பதற்கு. அந்தக் காற்றைத் தள்ளுவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ப்ளோயர். கேஸ் துளிகூட இல்லாத வண்டியிலும் ப்ளோயர் அதே வேகத்தில்தான் ஊதும். வருகிற காற்று சூடாக இருக்கும், அவ்வளவுதான். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான தகவல், சத்தம் கூடுகிறது என்பது. நாபைத் திருப்பத் திருப்பச் சத்தம் ஏறினால் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது. மோட்டார் தேய்ந்திருந்தாலோ, அதற்குப் போகும் கரண்ட் குறைந்திருந்தாலோ சத்தமும் சேர்ந்து குறைந்திருக்கும். 1, 2, 3-இல் ஒன்றுமே வராமல் 4-இல் மட்டும் ஓடினால், ப்ளோயர் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது என்று அர்த்தம். உங்கள் வண்டியில் இரண்டும் இல்லை. காற்று வழியில் எங்கேயோ அடைப்பு.

முதலில், வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கமும் அழுத்தினால் அது கீழே தொங்கும். உள்ளே நீளமான பிளாஸ்டிக் மூடி தெரியும். எஞ்சினுக்குப் போகும் ஏர் ஃபில்டர் வேறு, இது வேறு. சர்வீஸில் அதை மாற்றிவிட்டு இதைத் தொடாமலே விடுவது சகஜம். ஃபில்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டு ப்ளோயரை இரண்டு நிமிடம் முழு வேகத்தில் ஓட விடுங்கள். காற்று பிய்த்துக்கொண்டு வந்தால் விஷயம் முடிந்தது, சில நூறு ரூபாயில் புது ஃபில்டர் போடுங்கள். ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், அது காற்று போகும் திசை. பழையதைக் கழுவிப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். காகித ஃபில்டரைக் கழுவாதீர்கள். உருக்குலைந்து போகும், ஈரம் நின்று நாற்றமும் அடிக்கும். புதிது வரும்வரை ஃபில்டர் இல்லாமல் ஓட்டவும் வேண்டாம், தூசி நேராக, காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயிலில் போய் அப்பும்.

மூடியைத் திறந்தால் உள்ளே ஃபில்டரே இல்லை என்றாலும் ஆச்சரியப்படாதீர்கள். சில பழைய, விலை குறைந்த மாடல்களில் அதற்கு இடம் மட்டும் விட்டிருப்பார்கள். அப்படியானால் எட்டு வருடத் தூசியும் காயிலில்தான் இருக்கும்.

ஃபில்டரை எடுத்தும் காற்று கூடவில்லையா? வண்டியை ஆஃப் செய்துவிட்டு, செல்போன் டார்ச்சை அந்தத் துளைக்குள் அடித்துப் பாருங்கள். சில வண்டிகளில் ப்ளோயர் சக்கரம் தெரியும், சிலவற்றில் காயிலே தெரியும். மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாக இலைச் சருகு உள்ளே போய்ச் சக்கரத்தில் சிக்கியிருக்கலாம். எலி கூடு கட்டியதும் உண்டு. கடகடவென்ற சத்தமோ அதிர்வோ இருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கையோடு இன்னொரு சோதனை. காற்றை முகத்துக்கு வைத்துவிட்டு, கால் பக்கமும் கண்ணாடி ஓரமும் கையை வைத்துப் பாருங்கள். அங்கே நிறையக் காற்று போனால் உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு சரியாகத் திரும்பவில்லை. சமீபத்தில் ஸ்டீரியோ மாற்றியிருந்தால், டேஷ்போர்டைக் கழற்றியபோது காற்றுக் குழாய் நழுவியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இப்போது அந்த விதிவிலக்கு. கிளம்பும்போது காற்று நன்றாக வந்து, அரை மணி, முக்கால் மணி ஓடிய பிறகு குறைகிறதா? நீங்கள் அதைச் சொல்லவில்லை. அப்படி இருந்தால் காயிலில் ஐஸ் பிடிக்கிறது. ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரைப் பத்துப் பதினைந்து நிமிடம் முழு வேகத்தில் விடுங்கள். காற்று மெல்லத் திரும்பி, வண்டிக்கு அடியில் தண்ணீரும் நிறையச் சொட்டினால் சந்தேகமே வேண்டாம். காயில் உறையும் முன் கம்ப்ரெஸரை நிறுத்த வேண்டிய சென்சார் கெட்டிருக்கலாம், அல்லது கேஸ் குறைந்திருக்கலாம். அழுத்தம் குறைந்தால் காயிலின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஆனால் அடைபட்ட ஃபில்டரும் இதே ஐஸைக் கொண்டுவரும் என்பதால், அதைப் பார்க்காமல் கேஸுக்குப் போகாதீர்கள். கேஸ் ஓடுவது மூடிய குழாய்க்குள். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் நிரப்புவதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு ஒரு சின்ன யோசனை: நடு வென்ட் இரண்டையும் சற்று மேல்நோக்கி, முன்சீட்டுகளுக்கு இடையிலான இடைவெளியைப் பார்த்துத் திருப்புங்கள். முன்னால் இருப்பவர்கள் ஓர வென்ட்டை வைத்துக்கொள்ளலாம். ஹேட்ச்பேக்கில் பின்சீட்டுக்குத் தனி வென்ட் இல்லாவிட்டால் இதுதான் வழி.

காயிலில்தான் அழுக்கு என்று தெரிந்தால், லேசான அழுக்குக்கு ஃபில்டர் துளை வழியாக நுரை ஸ்ப்ரே அடித்துக் கழுவினால் போதும். அதற்கு முன் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கழுவிய தண்ணீர் பயணி பக்கத்துக் கார்ப்பெட்டில் இறங்கும். கம்பளி மாதிரி படிந்திருந்தால் ஸ்ப்ரே வீண். காயிலை வெளியே எடுத்துத்தான் கழுவ வேண்டும். சில மாடல்களில் க்ளவ் பாக்ஸ் பக்கமாகவே எடுத்துவிடலாம், பலவற்றில் டேஷ்போர்டு முழுதும் இறங்கும். வேலையைத் தொடங்கும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், கூலி பெரிதும் மாறும். காயிலை எடுப்பதற்குக் கேஸை வெளியேற்றியாக வேண்டும், திரும்பவும் நிரப்பியாக வேண்டும். அப்போது மெக்கானிக் கேஸுக்குப் பணம் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.