கடல்நீர்த் தொட்டியில் முதல் பவளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொட்டி அமைத்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டுகின்றன. பவளம் சேர்க்கலாமா?

அவை இரண்டும் சுழியமாக இருப்பது மீனுக்குப் போதும்; பவளத்துக்கு மேலும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25 முதல் 26 டிகிரி செல்சியஸ், காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம் என்பவை நல்ல இலக்குகள். இந்த எண்களைத் தொடுவதைவிட அவை ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம் என்பதால், காரத்தன்மையை இரண்டு வாரங்கள் தொடர்ந்து அளந்து குறித்து வைத்துப் பாருங்கள். உப்பை அளக்க முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்ப வேண்டாம். முள்ளில் ஒரு சிறு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டாலே அது அளவைக் கூட்டிக் காட்டும். 35 அளவுள்ள சோதனைக் கரைசலால் சரிபார்த்த, ஒளிவிலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரே மேல்.

நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியத்துக்குக் கொண்டுவரப் பலர் பாடுபடுகிறார்கள். அது தேவையில்லை, புதிய தொட்டியில் அது கெடுதலும்கூட. பவளத்துக்கு இவை சிறிதளவு வேண்டும். இரண்டும் அடியோடு தீர்ந்துபோன தொட்டிகளில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் கோழைபோன்ற படலம் எளிதில் பரவுகிறது. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற அளவில் இருக்கட்டும். மணல்மேல் படரும் பழுப்பு டயாட்டம் பாசி தானாக அடங்கிய பிறகு முதல் பவளத்தை வாங்குங்கள்.

எந்தப் பவளத்தில் தொடங்குவது?

காளான் பவளம், தோல் பவளம், சிறு பூக்களைப்போலக் கூட்டமாக வளரும் ஜோவாந்திட் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ போதும். பச்சை நட்சத்திரப் பவளமும் எளிதில் வளரும். ஆனால் பாறை முழுவதையும் போர்த்திவிடும் என்பதால் அதற்குத் தனிக் கல் கொடுங்கள். வளர்க்கக் கடினமான கிளைப் பவளமாகிய அக்ரோபோராவை இப்போது நினைக்கவே வேண்டாம். கோமாளி மீனுக்காகக் கடற்சாமந்தி வாங்கும் ஆசையையும் ஒத்திப்போடுங்கள். அது இடம் பெயர்ந்து பம்பில் சிக்கினால் தொட்டி முழுவதும் பாழாகும்.

பவளம் வந்த பையில் தொட்டி நீரை இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடச் சொல்கிறார்கள். சரியா?

நெடுந்தூரம் பயணித்து வந்த பவளத்துக்கு இது தீங்கு செய்யும். மூடிய பையின் இருட்டில் பவளம் சுவாசிப்பதால் கரியமில வாயு சேர்ந்து நீரின் பிஹெச் இறங்குகிறது. அதே நேரம் கழிவால் அம்மோனியாவும் சேர்கிறது. பிஹெச் தாழ்ந்திருக்கும் வரை அந்த அம்மோனியாவின் பெரும்பகுதி நச்சு குறைந்த அம்மோனியம் வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஹெச் ஏறி, அம்மோனியம் மீண்டும் நச்சு அம்மோனியாவாக மாறத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரம் சொட்டவிடுவது என்றால், அந்த நீருக்குள்ளேயே பவளத்தை நிறுத்தி வைப்பது என்றுதான் பொருள்.

ஆகவே பையைத் திறக்காமல் 15 முதல் 20 நிமிடங்கள் தொட்டியில் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமன்செய்யுங்கள். திறந்தவுடன் உப்பை அளந்து, வேறுபாடு ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுக்குள் இருந்தால் புழுபூச்சிகளை நீக்கும் மருந்துக் குளியலுக்கு நேரடியாக மாற்றிவிடலாம். அதற்கு மேல் இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை தொட்டி நீர் சேர்த்து அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

மருந்துக் குளியல் கட்டாயமா?

கட்டாயம். தொட்டி நீரைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து, பவளக் குளியல் மருந்தை உறையில் உள்ள அளவில் கலந்து, அதில் குறித்த நேரம் வையுங்கள். ரப்பர் குமிழ் வைத்த குழலால் இடுக்குகளில் நீரைப் பீய்ச்சுங்கள். பிறகு பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். துருத்தூள் போல உதிர்ந்து கிடப்பவை தட்டைப்புழுக்களாக இருக்கலாம். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. பவளத் துண்டு ஒட்டியிருக்கும் சிறு கட்டையின் அடிப்பக்கத்தைச் சுரண்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் குளிப்பாட்டுங்கள். கட்டையையே மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

ஜோவாந்திட்டைக் கையாளும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். அவற்றுள் சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவா என்னும் வகையில், பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அவை படர்ந்த பாறையை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள். ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

எல்லாம் முறைப்படி செய்தும் என் காளான் பவளம் ஒரு வாரத்தில் வெளுத்துவிட்டது. ஏன்?

நீங்கள் எழுதியதில் விளக்கின் அளவு இல்லை. என் ஐயம் அங்குதான். நீருக்காக ஒரு மணி நேரம் பொறுமை காட்டும் நாம், வாரக்கணக்கில் பழக வேண்டிய ஒளிக்கு அதைக் காட்டுவதில்லை. பவளத்தின் தசைக்குள் வாழும் நுண்பாசிகளே ஒளிச்சேர்க்கை செய்து அதன் உணவில் பெரும்பங்கைத் தருகின்றன. தாங்க முடியாத ஒளியில் அப்பாசிகள் கேடு தரும் ஆக்சிஜன் சேர்மங்களை உண்டாக்குவதால், பவளம் அவற்றை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. ஒளி குறைந்தால் பெரும்பாலும் பாசி பெருகிப் பழுப்பேறும். அதிலிருந்து மீட்பது எளிது, வெளுப்பிலிருந்து மீட்பது கடினம். எனவே எப்போதும் குறைவிலிருந்தே தொடங்க வேண்டும்.

இப்போது அதை அடித்தளத்தில், பாறை நிழல் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். வேறு பவளம் இல்லையென்றால் எல்இடி விளக்கைப் பாதி அளவுக்கு இறக்கி, பவளம் தேறி நிறம் திரும்பியதும் வாரத்துக்கு ஐந்து விழுக்காடு வீதம் ஏற்றலாம். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் பார் மீட்டர் இரவலாகக் கிடைத்தால் அளந்து பாருங்கள். காளான் பவளத்துக்கு 50 முதல் 100 வரை போதும்.

தோல் பவளம் பத்து நாளாகச் சுருங்கி, மேலே பளபளவென்று படலம் படிந்திருக்கிறது. இறக்கிறதா?

இல்லை. தோல் பவளம் அவ்வப்போது மெழுகு போன்ற மேல்தோலை உரிக்கும். புதிய இடத்துக்கு வந்ததும் அப்படிச் செய்வது வழக்கம். படலம் கழன்று போகும்படி நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டுங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தசை கரைந்து, தொட்டால் குழகுழவென்று இருந்து, வெளியே எடுத்தால் நாற்றம் அடித்தால் மட்டும் அன்றே அழுகிய பகுதியை வெட்டி நீக்கி, நீரில் ஒரு பகுதியை மாற்றிவிடுங்கள்.