அசோகக் கன்றின் தளிர் தொங்கினால் வாடல் நோயா?

கேள்வி: தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். பட்டைக்காக, ஊடுபயிராகப் போன ஐப்பசியில் அசோக மரக்கன்று நட்டேன். நன்றாகத்தான் வேர் பிடித்தது. இப்போது மாசியில் விடுகிற தளிரெல்லாம் செம்பு நிறத்தில் ஈரத்துணி மாதிரி தொங்குகிறது. வாடல் நோய் என்று மருந்துக் கடையில் பூஞ்சணக்கொல்லி கொடுத்திருக்கிறார்கள். வேரில் ஊற்றலாமா? அவரைக் குடும்பத்து மரம், உரமே வேண்டாம் என்கிறார்களே, அது சரியா? கன்று அசல் அசோகுதானா என்றும் ஒரு சந்தேகம்.

பதில்: மருந்தை ஊற்ற வேண்டாம் ஐயா. கடையில் திருப்பி எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுங்கள். இது நோயே அல்ல; அசோக மரம் இலை விடுகிற விதம் அதுதான்.

மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. இலை முதலில் மளமளவென்று நீண்டுவிடும். அதை விறைப்பாக நிறுத்தும் நாரும், பச்சை நிறம் தரும் பச்சையமும் பிறகுதான் சேரும். அதுவரை கொத்தாகத் தலைகீழாகத் தொங்கும். சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. இளந்தளிரைத்தான் புழுக்கள் தேடி வரும். மழைக்காட்டில் அந்தத் தொல்லை அதிகம். சத்தை இன்னும் போட்டு வைக்காத இலையைப் புழு தின்றாலும் மரத்துக்கு நட்டம் குறைவு என்று தாவரவியலாளர்கள் விளக்கம் சொல்கிறார்கள். மாந்தளிரிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். அசோகில் ரொம்பவே தூக்கலாகத் தெரிவதால் பயந்து சிலர் கன்றையே பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். சில வாரம் பொறுங்கள், அதே இலை நிமிர்ந்து கரும்பச்சையாகிவிடும்.

நிஜமாகவே வாடினால் எப்படித் தெரியும்? முற்றிய பச்சை இலையும் சேர்ந்து தொங்கும், ஓரம் காய்ந்து பழுப்பாகும். தூர்ப் பக்கம் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் கவலை இல்லை. கறுத்து அழுகியிருந்தால் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். அப்போதும் முதல் வேலை வடிகால்தான்.

அசலா என்ற சந்தேகத்துக்கு இலையையும் பூவையும் பார்த்தால் பதில் கிடைக்கும். அசோகா என்று சொல்லி நர்சரிகளில் அதிகம் விற்பது நெட்டிலிங்கம். அது சீத்தா குடும்பத்து மரம். ஓரம் நெளிந்த தனித்தனி இலை, பூ வெளிர்பச்சையாக நட்சத்திரம் போல் இருக்கும். உங்களுடையது கூட்டிலையா என்று பாருங்கள். ஒரே காம்பில் எதிரெதிராக மூன்று முதல் ஆறு ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும், நுனியில் ஒற்றை இலை இருக்காது. சிற்றிலை ஒவ்வொன்றும் ஒரு சாண் வரை நீளும், தோல் போல் தடிப்பாக, வழவழப்பாக இருக்கும். சந்தேகம் மிச்சமிருந்தால் பூ வரும்வரை பொறுங்கள். கிளையிலும் முதிர்ந்த தண்டிலும் நேரடியாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும், நல்ல வாசம். மஞ்சளாக விரிந்து, ஆரஞ்சாகி, சிவப்பில் முடியும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூவுக்கு அல்லி இதழே கிடையாது. நாம் இதழ் என்று நினைப்பது நிறம் ஏறிய புல்லிதான், அதாவது பூவின் வெளிவட்டம். நீண்ட குழலின் நுனியில் நான்கு மடல், அதற்கு வெளியே ஏழெட்டு மகரந்தத் தாள் நீட்டிக்கொண்டிருக்கும். காய் தட்டையான நெற்று. முற்றினால் கறுத்து வெடிக்கும்.

அந்த நெற்றைப் பார்த்துத்தான் அவரைக் குடும்பம் என்கிறோம். ஆனால் அந்தக் குடும்பத்தில் பிறந்ததெல்லாம் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பதில்லை. துவரையும் அகத்தியும் வேர்முடிச்சில் பாக்டீரியாவை வைத்து அதைச் செய்கின்றன. அசோகு சேர்ந்திருக்கும் புளிய மரத்துக் கிளைக் குடும்பத்தில் வேர்முடிச்சு கிடையாது. ஆகவே உரம் வேண்டாம் என்பது தவறு. மழை தொடங்கும்போது கன்றுக்கு ஒரு கூடை மக்கிய தொழுவுரம் வையுங்கள். தென்னைக்கும் அசோகினால் தழைச்சத்து கிடைக்காது. அந்தக் கணக்கில் தென்னை உரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

நான் கவலைப்படுவது வெயிலைப் பற்றித்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் இது உயர்ந்த மரங்களுக்குக் கீழே, ஓடைக்கரையில் வளர்கிற மரம். முழுசாக வளர்ந்தாலும் பெரும்பாலும் 6 முதல் 9 மீட்டர்தான். அதனால் தென்னை நிழல் அதற்குப் பொருத்தம், தென்னைக்கும் அதனால் வெளிச்சம் குறையாது. நான்கு தென்னைக்கு நடுவில் ஒன்று என்று இருந்தால் போதும். வாய்க்கால் ஓரமும் நல்ல இடம். பங்குனி, சித்திரை வெயில்தான் கன்றைக் கொல்லும். தென்னை மட்டையையும் சருகையும் தூரில் ஒட்டாமல் சுற்றிலும் மூடாக்காகப் போடுங்கள். ஆனியில் சாரல் பிடிக்கும் வரை மண் காயாமல் தண்ணீர் கொடுங்கள். தோப்பில் தென்னை விழுந்து வெட்டவெளியான இடம் இருந்தால், அங்குள்ள கன்றுக்கு மேலே நாலு கீற்று கட்டிவிடுங்கள்.

இனி பட்டை. அவசர வருமானத்துக்கு இது ஆகாது. பத்துப் பதினைந்து வருஷமாவது பொறுக்க வேண்டும். அசோகாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்து செய்ய இந்தப் பட்டைக்குத் தேவை இருக்கிறது. அதற்காகவே காட்டு மரங்களை உரித்து உரித்து, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாகிவிட்டது. சந்தையில் நெட்டிலிங்கப் பட்டை கலப்படமாக வருவதால், மரத்தைப் பூவோடும் இலையோடும் நேரில் காட்டக்கூடிய உங்களைப் போன்றவர்கள் விலை பேசலாம். உரிக்கும் காலம் வரும்போது தண்டைச் சுற்றி வளையமாக மட்டும் எடுத்துவிடாதீர்கள். இலையில் செய்த உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டைக்குள்தான் இருக்கிறது, வளையம் விழுந்தால் மரம் போய்விடும். ஒரு பக்கத்தில் நெடுக்குவாட்டில் குறுகலாக உரித்து, அந்தக் காயம் மூடிய பிறகே அடுத்த பக்கத்தைத் தொடுங்கள்.