பழைய பைக்கில் ஆயில் கூலர் ஒழுகினால் கழற்றிவிட்டு ஓட்டலாமா?

உங்களிடம் இருப்பது காற்றில் குளிரும் பழைய நாலு சிலிண்டர் பைக். இன்ஜின் ஆயிலைக் காற்றில் குளிர்விக்கும், சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும் ஆயில் கூலருக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது, புது கூலர் சுலபமாகக் கிடைக்கவில்லை. அதனால் அதைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறீர்கள். என் பழைய பைக்கிலும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். கழற்றுவதா மாற்றுவதா என்பதற்கு முன்னால், ஒழுகுவது உண்மையிலேயே கூலர்தானா என்று பாருங்கள்.

ஆயில் கசியும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. கூலரையும் ஹோஸ்களையும் சுற்றியுள்ள இன்ஜினையும் டீகிரீசர் போட்டுக் கழுவி நன்றாகக் காய விடுங்கள். அப்புறம் மேலே லேசாக முகப்பவுடர் தூவி, இன்ஜின் சூடாகும்வரை ஓட விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு தொடங்கும் இடத்தில் பவுடர் கறுத்துவிடும்.

நான் பார்த்தவரை பாதிக்கு மேல் கசிவது இணைப்புகளில்தான். பாஞ்சோ போல்ட் (நடுவே ஆயில் போக ஓட்டை உள்ள போல்ட்) இருந்தால் அதன் இரண்டு பக்கமும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கியதை மறுபடி போட்டால் சரியாக அடைக்காது, புதுசு போடுங்கள். ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வகையாக இருந்தால், வருடக்கணக்கான சூட்டில் அது தட்டையாகி, நகத்தால் அழுத்தினாலும் பதியாத அளவுக்கு இறுகியிருக்கும். அதே அளவில், சூட்டையும் ஆயிலையும் தாங்கும் ரப்பரில் வாங்கினால் போதும். கசிகிறதே என்று போல்ட்டை இன்னும் முறுக்கிவிடாதீர்கள். அலுமினிய மரை பிய்ந்துவிட்டால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். டெஃப்லான் டேப்பும் வேண்டாம், அதன் துணுக்கு ஆயில் பாதைக்குள் போனால் எங்கே போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது.

கூலரேதான் கசிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் முன்சக்கரம் வீசிய கல் அல்லது அதிர்வு. கூலரைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் கல்லாகிவிட்டால் இன்ஜின் அதிர்வு முழுவதும் பிராக்கெட் ஒட்டியிருக்கும் மூலைக்குப் போய், அங்கே மயிரிழை போல விரிசல் விழும். என் பைக்கில் நடந்தது இதுதான். புஷ்ஷை மாற்றாமல் கூலரை மட்டும் மாற்றினால் புதுசும் அதே மூலையில் விரியும். விரிசல் கூலரின் பக்கவாட்டுத் தொட்டியில் இருந்தால் நல்ல டிக் (TIG) வெல்டர் ஒருவர் அடைத்துத் தரலாம். ஆனால் உள்ளே துளி ஆயில் மிச்சமிருந்தாலும் வெல்டிங் குமிழி விடும். மெல்லிய குழாய்களில் ஓட்டை என்றால் எனக்கு வெல்டிங்கில் நம்பிக்கை இல்லை. எபாக்ஸி பசை வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும். ரேடியேட்டரில் ஊற்றும் கசிவு அடைப்பான் திரவத்தை இன்ஜின் ஆயிலில் கலக்கவே கூடாது.

சரி, கழற்றிவிடலாமா? ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் கழற்றக் கூடாது. சில இன்ஜின்களில் பம்ப்பிலிருந்து வரும் ஆயில் மொத்தமும் கூலர் வழியாகப் போய்த்தான் பேரிங்குகளுக்குச் செல்லும். அதில் கூலர் ஹோஸ்கள் மாட்டியிருந்த இன்ஜினின் இரண்டு துளைகளையும் அடைத்தால் இன்ஜினுக்கு ஆயிலே போகாது, சில நிமிடங்களில் பேரிங் போய்விடும். இந்த அமைப்பில் இரண்டு துளைகளையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். வேறு சில இன்ஜின்களில் ஒரு பங்கு ஆயில் மட்டும் கூலருக்குப் போய் நேராக சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) திரும்பும். அதில் நேர்மாறாக, இரண்டையும் இணைத்துவிட்டால் ஆயில் தடையில்லாமல் சம்ப்புக்கு ஓடி அழுத்தம் இறங்கிவிடலாம். அங்கே அடைப்பதுதான் சரி. சர்வீஸ் மேனுவலில் இருக்கும் ஆயில் ஓட்டப் படத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

இதே இன்ஜினை அதே கம்பெனி கூலர் இல்லாமலும் விற்றிருந்தால், வேகம் அதிகம் போகாதவர் கழற்றிவிட்டு ஓட்டலாம். கூலருடன் மட்டுமே வந்த இன்ஜின் என்றால் நான் கழற்ற மாட்டேன். 1985-இல் வந்த சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 மாதிரி ஆயிலை நம்பியே குளிரும் இன்ஜின்களில் பேச்சுக்கே இடமில்லை. அதில் பிஸ்டனின் அடிப்பக்கத்தையும் சிலிண்டர் ஹெட்டையும் குளிர்விப்பதே ஆயில்தான். ஆயில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸில் ஓடுவது நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நெரிசலில் சூடேறி இளகிய ஆயிலோடு ஐடிலில் நின்றால் அழுத்தம் விழுந்து ஆயில் லைட் மினுக்கும். அதேபோல் தேவைக்கு மேல் பெரிய கூலர் மாட்டுவதும் தப்பு. ஆயில் சூடே ஏறாவிட்டால் உள்ளே சேரும் நீராவி வெளியேறாமல் ஆயில் பால் நிறமாகிவிடும்.

ஆகவே பெரும்பாலோருக்கு வழி மாற்றுவதுதான். ஒரிஜினல்தான் வேண்டும் என்றில்லை. அதே அளவுள்ள வேறு பைக்கின் கூலர், பொருந்தும் ஹோஸ்களோடு போதும். ஆனால் இன்ஜின் உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய கூலர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம், அதன் குழாய்களில் தங்கிய இரும்புத் தூளை முழுசாகக் கழுவவே முடியாது. ஹோஸ் சூடான ஆயிலையும் அழுத்தத்தையும் தாங்கும் வகையாக இருக்கட்டும். பெட்ரோல் ஹோஸைச் செருகி கிளிப் போடுவது ஆபத்து. அது நழுவினால் ஆயில் சூடான பெண்ட் பைப்பிலும் (புகை போகும் குழாய்) பின் டயரிலும்தான் விழும்.

கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள், ஒன்று கூலரின் கழுத்தை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. ஒன்றே ஒன்றால் முறுக்கினால் கழுத்தே திருகிக் கிழியும். மாட்டும்போது மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கும் விசை அளவு) மேல் போகாதீர்கள்.

புது கூலர் காலியாக இருக்கும். முடிந்தால் மாட்டும் முன்பே கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன் கெடாமலிருக்க பிளக் கேப்களை எர்த் செய்துவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை செல்ஃப் மோட்டாரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்கியதும் அளவு பாருங்கள், கூலருக்குள் போன அளவு குறைந்திருக்கும். கூலரை எடுத்துவிட்டு ஓட்டுபவர் மேனுவலில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே ஊற்றக் கூடாது, அந்தக் கணக்கில் கூலருக்கான ஆயிலும் சேர்ந்திருக்கலாம். அளவுக் கண்ணாடியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்ததும் நிறுத்திவிடுங்கள்.