உறைய வைத்த கரு தேறுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உண்டு. ஐ.வி.எஃப். (லேபில் கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும்) சிகிச்சையில் மூன்று நாள் முன்பு 24 முட்டைகள் எடுத்தார்கள். ஐந்தாம் நாளே கருவை வைத்துவிடுவார்கள் என்று காத்திருந்தோம். இப்போது, ‘எல்லாவற்றையும் ஃப்ரீஸ் செய்துவிட்டு அடுத்த மாதம் வைக்கலாம்’ என்கிறார் டாக்டர். வயிறு உப்பிக்கொண்டே வருகிறது. ஐஸில் வைத்த கரு தேறாது என்று மாமியார் பயப்படுகிறார். ஃப்ரெஷ்ஷாகவே வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் நிலையில் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

முதலில் வயிற்றைக் கவனியுங்கள். பிசிஓடி இருந்து இத்தனை முட்டைகளும் வந்தால், சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரலாம். இந்த நேரத்தில் கருவை வைத்து அது ஒட்டிக்கொண்டால், கரு சுரக்கும் எச்சிஜி ஹார்மோனே அந்தக் கசிவை இன்னும் கிளப்பிவிடும். தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அடுத்தது கருப்பை. இத்தனை ஊசிகளுக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். சிலருக்குப் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனும் முந்திக்கொண்டு உயரும். கரு வந்து சேர்வதற்குள் கருப்பையின் உட்சுவர் அதை ஏற்கும் பருவத்தைக் கடந்துவிடலாம். பந்தி முடிந்த பிறகு விருந்தாளி வந்த கதைதான். ஒரு மாதவிடாய் கழிந்தால் உட்சுவர் புதிதாக வளரும்.

மாமியாரின் பயம் நியாயமானதுதான். பழைய முறையில் மெதுவாக உறைய வைத்தபோது, உள்ளே ஐஸ் படிகங்கள் உருவாகி செல்களைச் சேதப்படுத்தின. இப்போது செய்வது விட்ரிஃபிகேஷன். கருவில் உள்ள நீரைப் பெருமளவு வெளியே இழுத்துவிட்டு, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் சட்டென்று முக்குவார்கள். ஐஸ் கட்ட நேரமே இருக்காது. கண்ணாடி போல இறுகிவிடும். நல்ல லேபில் 100 கருக்களில் 95 வரை பிழைத்து வருகின்றன. வெளியே எடுத்ததும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காற்றுப் போன பந்து மாதிரி சுருங்கிக் கிடக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் நீரை உறிஞ்சி மெல்ல உப்பி, பழைய உருண்டையாக நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள். 1978-ல் கல்கத்தாவில் பிறந்த துர்கா என்ற பெண் குழந்தை, 53 நாள் உறைய வைத்த கருவிலிருந்து பிறந்தவள் என்று டாக்டர் சுபாஷ் முகர்ஜி அறிவித்தார். அவர் உயிரோடு இருந்தவரை அரசு அதை ஏற்கவில்லை. இன்றும் என் மனதை உறுத்தும் விஷயம் அது.

உங்களைப் போலப் பிசிஓடி (பிசிஓஎஸ் என்றும் சொல்வார்கள்) உள்ள பெண்கள் 1,508 பேரை வைத்துச் சீனாவில் நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. குழந்தை பிறந்தது, உறைய வைத்தவர்களில் 49 சதவீதம், ஃப்ரெஷ்ஷில் 42 சதவீதம். முதலில் சொன்ன, சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படும் தொந்தரவு 7.1-லிருந்து 1.3 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலான ப்ரீஎக்ளாம்ப்சியா 1.4-லிருந்து 4.4 சதவீதமாகக் கூடியது. அதனால் கர்ப்பம் உறுதியான பிறகு பிரஷர் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். முழுக்க ஹார்மோன் மாத்திரையில் உட்சுவரை வளர்க்காமல், முட்டை வெடிக்கச் செய்து அந்தச் சுழற்சியிலேயே வைக்க முடியுமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். அப்படிச் செய்தால் இந்த ஆபத்து குறைவு என்று தெரிகிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதவிடாய் ஒழுங்காக வந்து, ஏழெட்டு முட்டைகள் எடுத்து, ஹார்மோன் அளவும் சரியாக இருந்தால், ஃப்ரெஷ்ஷாக வைப்பதில் குறை ஒன்றுமில்லை. 2018-ல் சீனாவிலும் வியட்நாமிலும் பிசிஓஎஸ் இல்லாத பெண்களிடம் செய்த ஆய்வுகளில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எல்லோருக்கும் ஃப்ரீஸிங் என்று ஒரு மையம் சொன்னால், ‘எனக்கு ஏன்?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், பணம். உறைய வைக்க, வருடாவருடம் பாதுகாக்க, மறுபடி எடுத்து வைக்க என்று தனித்தனியாகக் கட்டணம் வரும். மூன்றையும் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கருவைப் பத்து ஆண்டுகள் வரைதான் வைத்திருக்கலாம். கையெழுத்துப் போடும் படிவத்தில், மிஞ்சும் கருவை என்ன செய்வது என்ற பகுதியை நீங்களும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.